இரண்டாம் இடத்தில் நண்டுப் பாட்டு

நான் பாட்டுக் கேட்பவள் அல்ல, வரிசை கேட்பவள். எந்தப் பாட்டு எத்தனையாம் இடத்துக்கு ஏறியது, எது வழுக்கி விழுந்தது என்பதுதான் எனக்குக் காரியம். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவளுக்கு வேறு என்ன ருசி இருக்கப்போகிறது. பாட்டுக்காகக் கேட்பவர் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி அடிக்க முன்னரே வானொலிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இவ்வளவு நேரத்துக்கு எங்கும் போய் நான் கண்டதில்லை.

நிகழ்ச்சியில் பழைய பொப் பாட்டுகள் மட்டும்தான் வரும். எங்கள் இளவயதில், இந்த நாட்டுப் பையன்கள் கிற்றாரையும் பொங்கோவையும் வைத்துக்கொண்டு தமிழில் பாடி இசைத்தட்டாக விட்டவை. நேயர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வட்ஸ்அப்பில் தங்களுக்கு விருப்பமான பாட்டை அனுப்ப வேண்டும். ஒரு நம்பருக்கு ஒரு வாக்கு. ஞாயிற்றுக்கிழமை பத்தாம் இடத்தில் தொடங்கி முதலாம் இடம் வரை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். முதலாம் இடத்தைச் சொல்வதற்கு முன்னால் நகைக்கடை விளம்பரம், சீமெந்து விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல் எல்லாம் போகும். அறிவிப்பாளர் பொடியன் எங்களை அழவைத்துத்தான் அந்தப் பாட்டைத் தருவான்.

ஒரு சட்டமும் உண்டு. தொடர்ந்து நான்கு வாரம் முதலாம் இடத்தில் நின்ற பாட்டுக்கு மரியாதையோடு விடை கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு அந்தப் பாட்டு நிகழ்ச்சியில் வராது. மற்றப் பாட்டுகளுக்கும் இடம் வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம்.

என் கணவரின் பாட்டு பஸ் பாட்டு. வராத பஸ்ஸுக்காகக் காத்துநின்று தன் கலியாணத்துக்கே பிந்திப் போன மாப்பிள்ளையின் கதை அது. அதை முதலாம் இடத்தில் வைத்திருப்பதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் தன் சகோதரங்களுக்கும் மச்சான்மாருக்கும் மருமக்களுக்கும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் செய்தி போய்விடும். பாதிப்பேர் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. பெரியவர் சொல்கிறார் என்று போடுவார்கள். இதில் கெட்டித்தனம் என்னவென்றால், மூன்று வாரம் பஸ் பாட்டை முதலாவதாக வரவிட்டு, நான்காம் வாரம் தானே அதைக் கீழே இறக்கிவிடுவார். அந்த வாரம் எல்லோரும் குடைப் பாட்டு என்கிற வேறொன்றுக்குப் போட வேண்டும் என்பது கட்டளை. பஸ் பாட்டு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்து, விடை கொடுக்கப்படாமல் தப்பி, அடுத்த வாரம் மறுபடி ஏறிவிடும்.

போனில் தேடினால் எந்தப் பாட்டும் எந்த நேரமும் வருமே, இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்று ஒருநாள் கேட்டேன். நாங்களே போட்டுக் கேட்பது எங்களுக்கு நாங்களே வாழ்த்து அனுப்புவது போல என்றார். வாழ்க்கையில் அவர் சொன்னவற்றில் நான் ஒப்புக்கொண்ட மிகச் சிலவற்றில் அது ஒன்று.

எங்கள் வீடு கரவெட்டியில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருக்கிறது. அந்த வானொலி நிலையம் எங்கள் வீட்டில் சமைக்கிற குசினி யன்னலில் மட்டும்தான் ஒழுங்காக இழுக்கும். வேறு எங்கே வைத்தாலும் கரகரப்புத்தான். குசினி யன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டு வேலி. ஒழுங்கையில் மற்ற எல்லோரும் வெளிநாட்டுக் காசில் மதில் கட்டிவிட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் மட்டும் இன்னமும் தென்னோலைக் கிடுகு வேலி நிற்கிறது. மதில் கட்டுவதென்றால் எல்லை எதுவென்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு முறை வேலி அடைத்தபோது கதியால் தடிகள் எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி வந்துவிட்டன என்று என் கணவரும், வரவேயில்லை என்று பக்கத்து வீட்டு அண்ணையும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு ஆம்பிளைகளுக்கும் கதை பேச்சு இல்லை. நானும் அந்த அண்ணையின் மனைவி அக்காவும் மட்டும், கறிவேப்பிலைக்கும் வெங்காயத்துக்குமாக, வேலிக்கு மேலால் அளவாகக் கதைத்துக்கொள்வோம்.

அந்த அண்ணை கடலோடிக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் கப்பல்களில் வேலை செய்து, பிறகு மனைவியின் ஊரான இங்கே வந்து இருந்தவர். உரத்துக் கதைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வானொலி போட்டதும், வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து நேரம் சொல்லலாம். கிடுகு இடைவெளியால் அவர் கட்டியிருக்கும் வெள்ளைச் சாரத்தின் ஒரு துண்டு தெரியும். ஓசியில் கேட்கிறார் என்று என் கணவர் சத்தத்தைக் குறைப்பார். கதிரை இன்னும் கிட்ட இழுபடும். நான் கறி கிளறுகிற சாட்டில் யன்னலடிக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வருவேன். இப்படிப் பல வருடம் போனது.

அவருடைய பாட்டு எதுவென்பதும் எங்களுக்குத் தெரியும். அது நண்டுப் பாட்டு. மாமியாரைச் சந்தோசப்படுத்த நண்டு வாங்கப் போன ஒருத்தன், எல்லா நண்டிடமும் கடி வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வருவான். இரண்டு வரிக்கு ஒருமுறை மூன்று கைதட்டு வரும். அந்தப் பாட்டு இரண்டாம் இடம் என்று அறிவிப்பாளர் சொன்னதும் வேலிக்கு அப்பால் நாக்கைத் தட்டுகிற ஒரு சத்தம் கேட்கும். என் கணவருக்கு அதுதான் அன்றைய பலகாரம். குடைப் பாட்டை ஏற்றிவிடும் வாரங்களிலும் நண்டுப் பாட்டுக்கு மட்டும் ஒரு வாக்கும் போகாமல் பார்த்துக்கொண்டார். அக்கா ஒருநாள் கறிவேப்பிலை வாங்கும்போது, உந்த நண்டுப் பாட்டு ஒருக்கா முதலாவதாக வந்தால்தான் இந்த மனுசன் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகச் சாப்பிடும் என்று சிரித்தார். நான் அதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பஸ் பாட்டுக்கு வாக்கு இன்னும் கூடியது.

எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வழியில்லாததால் என் வீட்டுக்காரர்மேல் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலம், கிணற்றடிக்குப் போன அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தவர் எழும்பவில்லை. அழுகைச் சத்தம் கேட்டு முதலில் வேலியைப் பிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியவர் என் கணவர்தான். கூப்பிடாமல் போகிற இடம் செத்த வீடு ஒன்றுதான். அன்று முழுக்க ஓடித் திரிந்தார். பந்தலுக்கு ஆள் பிடித்ததும் கதிரை எடுப்பித்ததும் ஐயரிடம் போனதும் அவர். அண்ணையின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் வரை சொந்தக்காரர் செய்கிற வேலை எல்லாம் செய்தார். யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. ஊர் வழமை அப்படித்தான்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில், என் கையைப் பிடித்தபடி அவர் சொன்னார்.

“அந்த நண்டுப் பாட்டிலை கை தட்டுறது இவர்தான், பிள்ளை.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். கப்பலுக்குக் காத்துக்கொண்டு கொழும்பில் நின்ற நாளில், கூட்டாளி ஒருவர் இவரை ஒலிப்பதிவு பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கைதட்ட ஆள் போதாது என்று இவரையும் மற்றவர்களோடு நிறுத்திவிட்டார்கள். தட்டி முடியக் குடிக்க ஒரு தேத்தண்ணியும் தின்ன ஒரு பணிசும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஏன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். கைதட்டில் பெயர் எழுதியிருக்கா, ஆர் நம்புவினம் என்று சொல்வாராம். கடைசி வரை அந்த மூன்று தட்டில் தன்னுடைய தட்டு எது என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாராம்.

அன்று இரவு நான் இதை என் கணவரிடம் சொன்னேன்.  அடுத்த நாள் காலமை எழும்பி, போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். இந்த முறை எல்லோரும் நண்டுப் பாட்டுக்குப் போட வேண்டும் என்று இருந்தது. கைதட்டின் கதையையும் விலாவாரியாக எழுதியிருந்தார். மகிழ்ச்சியாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இந்த மனம் ஒரு கிழமைக்கு முதல் வந்திருந்தால் என்ன என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு அவர் வானொலிப் பக்கமே போகவில்லை. ஒழுங்கையில் ஒரு சாவு என்றால் எட்டாம் நாள் நடக்கும் எட்டுச் செலவு முடியும் வரையாவது பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எட்டு முடிந்து அடுத்த ஞாயிறும் அவர் போடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியட்டும் என்றார். நாங்கள் என்ன சொந்தமா, எங்களுக்கு என்ன துடக்கா, தீட்டா என்று கேட்டேன்.

“துடக்கில்லைத்தான். ஆனால் பகை இருந்ததெல்லோ” என்றார்.

அவர் சொன்னது சரி. சொந்தக்காரன் வீட்டில் பாட்டுக் கேட்டால் மறதி என்று விட்டுவிடுவார்கள். கோபதாபம் இருந்த வீட்டிலிருந்து அந்தப் பொப் பாட்டு வேலிக்கு மேலால் போனால், அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று இவர்கள் கொண்டாடுகிறார்கள் என்றுதான் சனம் கதைக்கும். ஆனபடியால் ஒழுங்கையில் மற்ற வீடுகளில் மெல்ல மெல்லத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும், எங்கள் குசினி யன்னல் ஊமையாகவே இருந்தது. மெல்லிய சத்தத்தில் போட்டு வரிசையை மட்டுமாவது கேட்போம் என்று நான் கேட்டதற்கும் நீர் சும்மா இரும் என்றுதான் பதில் வந்தது.

அவருடைய திட்டம் வேறாக இருந்தது. நண்டுப் பாட்டை மூன்று வாரம் முதலாம் இடத்தில் நிற்க வைப்பது. நான்காம் வாரம், விடை கொடுத்துவிடாமல் இருக்க, ஒரு படி இறக்குவது. அந்தியேட்டி முடிந்து வருகிற ஞாயிறு மறுபடி முதலாம் இடத்துக்கு ஏற்றி, வானொலியை முழுச் சத்தத்தில் போடுவது. அக்கா அந்தப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். அதுவரை அவருக்கு ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. பஸ் பாட்டில் பழகிய கை அல்லவா, பிசகாது என்று இருந்தார். சந்தையில் தெரிந்தவர் ஒருவர், நண்டுப் பாட்டு என்று வாயெடுத்தபோது கூட, இப்ப வேண்டாம் என்று கைகாட்டி நிறுத்திவிட்டு வந்தாராம். வரிசையை வானொலியில்தான் கேட்பாராம்.

அந்த ஞாயிறுகளில் மத்தியானச் சமையலின்போது நான் குசினியில் நின்று வேலியைப் பார்த்தேன்; மூன்று மணிக்கு அந்த யன்னலடிக்குப் போக மனம் வரவில்லை. கிடுகு இடைவெளியால் அந்தப் பிளாஸ்ரிக் கதிரையின் முதுகு தெரிந்தது. அண்ணை கடைசியாக இழுத்துப் போட்ட இடத்திலேயே கிடந்தது. எடுத்து உள்ளே வைக்க அக்காவுக்கு மனம் வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இழுபடும் சத்தம் இல்லாத ஞாயிறு எனக்குச் சரியாகவே பிடிக்கவில்லை. அந்த மனிதரோடு நான் ஆக மிஞ்சினால் பத்து வசனம் கதைத்திருப்பேன். இருந்தும் அவர் இல்லாதது எனக்குக் கவலையாக இருந்தது.

நான்காம் வாரம் என் கணவர் சொன்னபடி எல்லோருக்கும் எழுதினார். இந்த முறை நண்டு வேண்டாம், குடைக்குப் போடுங்கோ என்று. போட்டாச்சு, போட்டாச்சு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. அவருக்கு நிம்மதி.

அடுத்த வியாழக்கிழமை விடியவே, இனி மறுபடி நண்டுக்கு என்று எல்லோருக்கும் எழுதிவிட்டார்; அன்று கீரிமலையில் அந்தியேட்டி நடந்தது. நாங்களும் போனோம். மகன் கேணியில் தோய்ந்து ஈரத்தோடு கிரியைகளைச் செய்தான். மத்தியானம் வீட்டில் சாப்பாடு. வந்தவர்கள் கலைந்து, சனிக்கிழமை மகனும் விமானம் ஏறப் போய்விட்டான். தன்னோடு வந்து இருக்கச் சொல்லித் தாயைக் கெஞ்சிப் பார்த்தானாம். ஒரு வருசத்தில் வருகிற ஆட்டைத் திவசம் முடியப் பார்ப்போம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஞாயிறு மூன்று மணிக்கு என் கணவர் துவைத்த சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து வானொலியைத் தொட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சத்தத்தை முழுக்கக் கூட்டினார். கதிரை இழுபடும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் கிடுகு இடைவெளியில் வெள்ளையாக ஒரு சீலைத் துண்டு தெரிந்தது. அக்கா ஏற்கனவே அங்கே இருந்தார். நான் கைகாட்டினேன். என் கணவர் தலையாட்டினார். எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது, அறிவிப்பாளர் வாயைத் திறக்கும் வரை.

சென்ற வாரத்தோடு தொடர்ந்து நான்கு வாரம் முதலாம் இடத்தைப் பிடித்த நண்டுப் பாட்டு விடைபெற்றுவிட்டது என்று அவன் தொடங்கினான். பாட்டில் கைதட்டிய கலைஞர் அண்மையில் காலமானதை நேயர்கள் வெளிநாடுகளிலிருந்து எழுதி அறிவித்தார்கள் என்றான். நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து எந்தப் பாட்டுக்கும் இவ்வளவு வாக்கு வந்ததில்லையாம். சென்ற வாரம் அவருக்காகப் பாட்டை இரண்டு தரம் போட்டு அஞ்சலியும் செய்தார்களாம். அன்னாரின் குடும்பத்தினரும் அயலவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புவதாக அப்போது சொன்னார்களாம்.

 பிறகுதான் விளங்கியது. அவர் எழுதிய கைதட்டுக் கதை அவருடைய மச்சான்மாரோடு நிற்கவில்லை. அவர்கள் ஊர்க்காரருக்கு அனுப்ப, ஊர்க்காரர் மற்ற ஊர்க்காரருக்கு அனுப்ப, எங்கெங்கோ இருந்த எங்கள் சனம் எல்லாம் அந்த மூன்று கைதட்டுக்காக வாக்குப் போட்டிருக்கிறது. நிறுத்தச் சொன்ன செய்தி சொந்தக்காரருக்கு மட்டும்தான் போனது. அவர்கள் ஒழுங்காகக் குடைப் பாட்டுக்குப் போட்டார்கள். உலகம் நண்டுக்கே போட்டது.

பத்தாம் இடம் வந்தது, ஒன்பதாம் இடம் வந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குடைப் பாட்டு இரண்டாவது. விளம்பரங்கள் போயின. பிறகு, போட்டிக்கு ஆள் இல்லாத பஸ் பாட்டு முதலாம் இடத்தில் வந்து நின்றது. தன் பாட்டு வருவதைப் பார்த்து என் கணவர் இவ்வளவு வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. எழும்பி வானொலியை நிறுத்தப் போனார்.

“நிப்பாட்டாதையுங்கோ, தம்பி” என்று வேலிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார். வேலிக்குக் கிட்டப் போய் நின்றார். கொஞ்ச நேரம் பாட்டில் மாப்பிள்ளை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றான். பிறகு அக்கா, அந்த நண்டுப் பாட்டு உண்மையாகவே முதலாவதாக வந்ததோ என்று கேட்டார். ஓம் அக்கா, நாலு கிழமையும் என்று என் கணவர் சொன்னார். இனி வராதோ என்று கேட்டார். வருசம் முடியத்தான் வரும் என்று சொன்னார். அக்கா தனக்குள் கணக்குப் பார்த்து, அப்ப ஆட்டைத் திவசம் முடிஞ்ச கையோடை வரும் என்றார். அதில் துக்கம் ஒன்றும் தெரியவில்லை. பால்காரன் வரும் நேரத்தைச் சொல்வது மாதிரித்தான் சொன்னார்.

என் கணவரால் தாங்க முடியவில்லை. எங்களால் ஒரு சத்தமும் வந்துவிடக் கூடாது, ஆரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று, அண்ணைக்கு மரியாதைக்காகத்தான் இத்தனை நாளும் வானொலி போடாமல் இருந்தோம் என்று, திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார்.

“உங்களை ஆர் நிப்பாட்டச் சொன்னது, தம்பி?” என்றார் அக்கா. “நாலு ஞாயிறும் நான் இந்தக் கதிரையிலைதான் இருந்தனான். இப்ப போடுவியள், இப்ப போடுவியள் எண்டு.”

பாட்டு முடிந்து நகைக்கடை விளம்பரம் தொடங்கியது. என் கணவர் யன்னலுக்குத் திரும்பி வந்து, இதற்குமேல் சத்தம் ஏறாது என்று தெரிந்தும், சத்தம் கூட்டும் திருகியை இன்னும் திருகிக்கொண்டு நின்றார்.